லயத்துக்குப் பின்னால் ஒரு சுவர்

இன்று காலை அப்பாவோடு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நான் கழற்றவில்லை.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு போன மழையில் வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் கையை விடலாம். அதற்கும் நாங்கள் சமைக்கும் குசினிக்கும் நடுவே நான்கடிகூட இல்லை. லயத்தில் எல்லோரும் சேர்ந்து தாங்குசுவர் கட்டத் தயார். ஆனால் தோட்டத்துக் காணியில் ஒரு கல்லை வைக்கவும் தோட்டத்தை நடத்தும் தொரையின் அனுமதி வேண்டும்.

அதனால் நானே அளந்து, படம் வரைந்து, கடிதத்தோடு கொண்டுபோனேன். பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தாங்குசுவர் போன வருடத்துப் பாடம்.

கிளாக்கர் ஐயா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்கிற புள்ள வரைஞ்சதையெல்லாம் தொரைகிட்ட குடுக்க முடியாதும்மா. என்ஜினியர் கையெழுத்து வேணும்."

அப்பா "சரிங்கய்யா" என்றார். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன்.

படியிறங்கும்போது கிளாக்கர் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பண்டாரவளையில வீட்டுக்கு மேல்மாடி போடுறேன். அதுக்கு ஒரு பிளான் வரைஞ்சு தாம்மா. நீ படிச்ச புள்ளதானே."

நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "புள்ள நாளைக்கே குடுத்துரும்ங்கய்யா" என்றார், வெறுங்காலோடு.

என் கோடு அவருடைய மாடியைத் தாங்குமாம், எங்கள் மண்மேட்டைத் தாங்காதாம்.

இப்போது வெளியே மழை. குசினியில் உட்கார்ந்து அவருடைய பிளானைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். மாடிப்படியை மட்டும் வரையாமல் விட்டுவிடலாமா? என்ஜினியர் நண்பர்களே, சொல்லுங்கள்.