மற்றப் பக்கம் பார்த்து நின்றவர்கள்

ரீவியில் பேஸ்போல் பார்க்கும்போது அம்மா பந்தைப் பார்ப்பதில்லை. எறிகிறவனின் தோளைத்தான் பார்ப்பார். எறிந்து முடித்த கை எப்படிக் கீழே வருகிறது, விரல்களை உதறுகிறானா, தொப்பியைச் சரிசெய்ய எந்தக் கையைத் தூக்குகிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்லுவார்: "உவன் பத்து நாளுக்குள்ள லிஸ்ற்றில."

லிஸ்ற் என்பது காயம்பட்டவர்களின் பட்டியல். அதில் பெயர் ஏறினால் விளையாட வேண்டியதில்லை, சம்பளம் வந்துகொண்டிருக்கும். இந்தக் கோடையில் அம்மா ஏழு பேரைச் சொன்னார். ஐந்து பேர் ஏறினார்கள்.

அம்மாவின் பெயர் கிளடிஸ். மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர். ரெக்ஸ்டேலில், குளிரில் உறையவைத்த பற்றிஸ் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை. பட்டம் முடித்தும் ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிடாததால் இந்தக் கோடையில் நானும் அதே லைனில் நின்றேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள், அம்மாவுக்கு மூன்று ஆள் தள்ளி, தலையில் அதே வலைத்தொப்பியுடன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்தில்லாத நாட்களை அது எண்ணும். ஒவ்வொரு முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் எல்லோருக்கும் ஒரு குளிர் ஜக்கெற் பரிசு. யாராவது காயத்தை எழுதிக்கொடுத்தால் எண் பூச்சியத்துக்குப் போய்விடும்.

போன வருடம் ஆவணியில் பலகையில் 341 இருந்தது. சரிந்து விழுந்த பெட்டி ஒன்றை அம்மா தாங்கிப் பிடித்தார். வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. பக்கத்தில் நின்றவர் லைனுக்குப் பொறுப்பான அருள்நாயகம் மட்டும்.

"ஐஸ் வையும், கிளடிஸ். நாளைக்குச் சரிவரும். நீர் எழுதினா எல்லாற்ற ஜக்கெற்றும் போயிடும்."

அம்மா ஐஸ் வைத்தார். ஆறு கிழமையில் தலை வாரி இழுக்கக்கூடக் கை எழும்பவில்லை. பிறகு நட்டஈடு கேட்டபோது, கண்ட சாட்சி என்று அருள்நாயகத்திடம் கேட்டார்கள். அவர் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: 'நான் காணவில்லை. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.'

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். பலகையும் பூச்சியத்துக்குப் போகவில்லை. மேல்முறையீட்டை நான் எழுதினேன். நான்கு பக்கம். அதுவும் தோற்றது. இப்போதும் அதை எடுத்து வாசிப்பேன். அது அம்மாவின் தோளைப் பற்றியதா, என் ஆங்கிலத்தைப் பற்றியதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அம்மாவோ அருள்நாயகத்தின் வரியை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னார். இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

இந்தக் கோடையிலும் தொழிற்சாலைச் சாப்பாட்டறை ரீவியில் முதல்நாள் ஆட்டத்தின் துண்டுகள் ஓடும்.

"பாத்தியளே, இடக்கைக்காரனும் போய்ப் படுத்திட்டான்," என்றார் அருள்நாயகம். "தோள் இறுக்கமாம். எனக்கும்தான் காலமை எழும்பேக்க இறுக்கம்."

"உங்களுக்கு ஆர் அண்ணை இருபது மில்லியன் தாறது?" என்றார் எங்கள் லைனில் நிற்கும் றிச்சர்ட்.

"அதைத்தான் சொல்லுறன். அவ்வளவு காசை வாங்கிக்கொண்டு நோகுது எண்டு அழுறாங்கள். ஆம்பிளை எண்டா நோவோட எறியவேணும்."

பக்கத்து லைன் மயூரி சொன்னாள்: "டொக்டர் கிளடிஸ் போன கிழமையே சொன்னவா, முழங்கை கீழ விழுது எண்டு."

"கிளடிஸுக்கு எல்லாற்ற தோளும் நோகிறமாதிரித்தான் தெரியும்."

மேசை சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

பலகையில் 709 இருந்த செவ்வாய்க்கிழமை, குளிரறைப் பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது. நான் திரும்பினேன், லைனில் வேறு யாரும் திரும்பவில்லை. அடுத்த இடைவேளையில் அருள்நாயகம் இடக்கையால் தேநீர் குடித்தார்.

காரில் அம்மா சொன்னார்: "அவருக்கு வலது தோள் போச்சுது. சில்லு இறுகின இழுவண்டியை இழுத்தவர். நான் அப்ப குளிரறைக்குப் போனனான், பக்கத்திலதான் நிண்டனான்."

"எழுதிக்குடுக்கச் சொல்லுங்கோவன், அம்மா."

"ஏன்? ஜக்கெற்றுக்கு இன்னும் இருபத்தொரு நாள் கிடக்கு."

மறுநாள் அம்மா பையொன்றில் ஐஸ் கொண்டுபோய் அருள்நாயகத்தின் முன்னால் வைத்தார். "வையுங்கோ அண்ணை. நாளைக்குச் சரிவரும்." அதற்கடுத்த நாளும் வைத்தார். இருபத்தொரு நாளும் வைத்தார். சாப்பாட்டறையில் ஒருநாளும் தானாகப் பேச்சைத் தொடங்காத அம்மா, இப்போது தானே தொடங்கினார்.

"அந்த இடக்கைக்காரன் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறான், அண்ணை. உங்களைப் பாத்தெண்டாலும் பழகவேணும்."

விளங்காமலே எல்லோரும் சிரித்தார்கள். அருள்நாயகமும் சிரிக்கவேண்டியிருந்தது. காலையில் எழும்பும்போதே நான் அந்தச் சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். அதை நல்ல குணம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஜக்கெற் வந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, நாங்கள் பூசை முடிந்து வந்திருக்க, அருள்நாயகம் எங்கள் கதவைத் தட்டினார். புது ஜக்கெற்றைக் கழற்ற நெடுநேரம் எடுத்தது. கையில் நட்டஈட்டுப் படிவம்.

"தசைநார் கிழிஞ்சு போச்சாம். அண்டைக்கே எழுதாதபடியா கண்ட ஆள் ஒராள் வேணுமாம். கிளடிஸ், நீங்கள் கண்டனீங்கள்தானே?"

அம்மாவை அவர் 'நீங்கள்' என்றது அன்றைக்குத்தான்.

"போன வருசம் எனக்கு என்ன நடந்தது? முதல் அதைச் சொல்லுங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தார். "பெட்டி சரியேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். கண்டனான்."

"ஷரோன், கடதாசி குடு. எழுதட்டும்," என்றார் அம்மா என்னிடம்.

இடக்கையால், சின்னப்பிள்ளையின் எழுத்தில் எழுதினார். கையெழுத்தும் வைத்தார். அம்மா அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். சத்தமாக வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பிறகு அருள்நாயகம் தன் படிவத்தை மேசையில் தள்ளினார். அம்மா அதைத் தொடவில்லை.

"நான் காணேல்லை, அண்ணை. மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அருள்நாயகம் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் படிச்சனீர். அண்டைக்கு லைனில நிண்டனீர். நான் கத்தினது உமக்குக் கேட்டிருக்கும்."

கேட்டது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

"மெஷின் சத்தம், அங்கிள். ஒண்டும் கேக்கேல்லை."

அவர் எழும்பி ஜக்கெற்றை எடுத்தார். இடது கை நுழைந்தது. வலது கை பாதியில் நின்றது. மறுபடி முயன்றார், முழங்கை கீழே விழுந்தது. நான் கதிரையிலிருந்து பாதி எழும்பினேன்.

"இரு," என்றார் அம்மா.

நான் இருந்தேன். அம்மா சொன்னதற்காகத்தான் இருந்தேனா என்று தெரியவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளை மட்டும் பார்த்தார், மூன்றாம் தரமும் கை நுழையாமல் அவர் ஜக்கெற்றை ஒருபக்கம் தொங்கவிட்டபடி கதவைத் திறக்கும்வரை.

"உது இந்த வருசம் ஆறாது," என்றார் அம்மா, ரீவிக்குச் சொல்வதுபோல.