பாலா போட்ட மஃபின்

சவுந்தரம் அக்காவுக்குப் பொறாமையை மறைக்கத் தெரியாது. மூக்கு சிவந்துவிடும். 'நீ' போய் 'நீங்க' வந்துவிடும். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் இதை அறியாதவர் இல்லை. அக்கா மரியாதையாகப் பேசினால் நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் பிறந்து, பீட்டர் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஃபெரி ஏறித் தீவுக்கு வந்தவர். கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் பிளாட்டில் அவர் 'கேக் அக்கா'தான். யார் வீட்டு விசேஷமானாலும் அவருடைய பட்டர் கேக் மேசைக்கு வந்தாக வேண்டும். முட்டையில் கஞ்சத்தனம் கிடையாது, பட்டரில் அறவே கிடையாது. "முட்டை இல்லாம செஞ்சா அது கேக்கா? கொழுக்கட்டைலா!" என்பார்.

கீழ் மாடியில் இருக்கும் அக்காவின் தம்பி கிளிஃபர்டின் மகள் ஜோவானுக்கு அக்காதான் ஞானத்தாய். அந்தப் பிள்ளைக்கு முட்டையும் ஆகாது, பாலும் ஆகாது. நாக்கில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு இரைக்கும். எனவே பிறந்தநாள்தோறும் அத்தை கேக் செய்வார், ஜோவான் வெட்டுவாள், நாங்கள் சாப்பிடுவோம். அவளுக்கு ஒரு தட்டில் தர்பூசணி வைப்பார்கள்.

போன வருடம் அக்காவின் எதிர்வீட்டுக்கு ரொஸ்னா குடிவந்தாள். கணவர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். வந்த வாரமே, "பாப்பாவுக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று கிளிஃபர்டிடம் கேட்டுக்கொண்டாள். கனிந்த வாழைப்பழத்தை மசித்து, எண்ணெயும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, பட்டை, கிராம்பு தூளோடு மஃபின் செய்து கொடுத்தாள். ஜோவான் தட்டை வழித்துத் தின்றாள். அன்றிலிருந்து அக்காவின் வயிறு எரியத் தொடங்கியது.

சர்ச்சில் ஜோவான் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா நெருங்கியது.

"அக்கா, ரொஸ்னாகிட்ட மஃபின் சொல்லிட்டேன். உங்க கேக்கும் இருக்கட்டும்" என்றான் கிளிஃபர்ட்.

கேக்கும்! அந்த 'உம்' அக்காவைச் சுருக்கென்று குத்தியது.

"ரொம்ப சந்தோஷங்க தம்பி. அவங்களே செய்யட்டுங்க."

இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நடைபாதையில் துணி காயப்போடும்போது எதிர்வீட்டு ஜன்னல் வழியே ரொஸ்னா ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. "பால போட்டாத்தான் மஃபினுக்கு வாசமே வரும்."

அக்கா துணியைப் போட்டது போட்டபடி கீழே ஓடினார். "அவ பால் போடுறாடா! என் காதால கேட்டேன்! பிள்ளய கொல்லப் பாக்குறா!"

பயந்துபோன கிளிஃபர்ட் மஃபின் வேண்டாம் என்று ரொஸ்னாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டான். ஜோவான் அழுதாள். அக்காவின் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் ரொஸ்னா கிளிஃபர்ட் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என் வீட்ல பாலா? யார் அண்ணே சொன்னது?"

"அக்காதான்... 'பால போட்டாத்தான் வாசம்'னு நீங்க ஃபோன்ல சொன்னீங்களாம்."

ரொஸ்னா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ அக்கா, பால் இல்ல, பாலா! புவா பாலா! ஜாதிக்காய்லா!"

பினாங்கில் இத்தனை வருடம் இருந்து ஜாதிக்காய்க்கு மலாய்ப் பெயர் தெரியாதவர் உண்டா? அக்காவின் மூக்கு ரத்தமாய்ச் சிவந்தது. போதாததற்கு ஜோவான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பால ஊத்துவாங்க அத்தை. யாராவது போடுவாங்களா?" என்றாள்.

புதுநன்மை அன்று ஒரு பக்கம் அக்காவின் மூன்றடுக்குக் கேக் நின்றது. மறு பக்கம் பழுப்பு நிற மஃபின்கள் ஜாதிக்காய் மணத்தோடு இருந்தன. வெள்ளைக் கவுனில் ஜோவான் மூன்றாவது மஃபினைத் தின்றுகொண்டே இன்னொன்றை அத்தையிடம் நீட்டினாள்.

"கோபமா அத்தை?"

"இல்லீங்கம்மா."

"உங்க கேக் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அத்தை. பர்த்டேக்கு வெட்டும்போது நல்லா மோந்து பாத்துக்குவேன்."

குறையாகச் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. பாராட்டாகத்தான் சொன்னாள். அக்கா மஃபினைக் கடித்தார். நன்றாக இருந்தது என்பது மெல்லும்போதே தெரிந்தது. அதுவும் அவருக்கு எரிச்சல்தான்.

நேராக ரொஸ்னாவிடம் போனார். நாங்கள் வழக்கம்போல் நழுவப் பார்த்தோம்.

"முட்டைக்குப் பதிலா எத்தன வாழப்பழம் போடுறீங்க?"

"மூணு, அக்கா. நான் வந்து செஞ்சு காட்டவா?"

"ஒண்ணும் வேணாம்." அக்காவின் மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது. "அடுத்த பர்த்டேக்கு நீ எதும் செய்யக் கூடாது, சொல்லிட்டேன். நான்தான் செய்வேன். அந்த பாலா மட்டும் எங்க வாங்குனேன்னு சொல்லு."