அளவு சொல்லாத தாயங்கள்

என் சிநேகிதி செல்வியின் கணக்கு சரியாகவே இருந்தது. அது பிழை என்று அவளை நம்பவைத்தவள் நான்!

கேளுங்கள்... பட்டப்படிப்பின் கடைசி வருடம் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தோம். எண்களை நிரை நிரலாக அடுக்கும் தாயங்கள், அதாவது மேட்ரிக்ஸ், பற்றியது. இத்தனை நிரை என்று அளவே சொல்லாமல், எந்த அளவுத் தாயத்துக்கும் பொருந்தும் ஒரு சூத்திரத்தை நிறுவ வேண்டும். செல்வி யட்டவத்தையிலிருந்து பஸ் பிடித்து அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். கணக்கை அவள் கையால் போடுவாள். நான் கணினியில் போடுவேன்.

"இந்த எடத்துல ரெண்டு தாயத்தையும் முன்ன பின்ன மாத்திப் பெருக்கக் கூடாதுடி. ஒரு நிபந்தனை போட்டாத்தான் சூத்திரம் நிக்கும்" என்றாள்.

"சூத்திரத்தோட ரெண்டு பக்கத்தையும் கழிச்சா, நிபந்தனை இல்லாமலே பூச்சியம்னு காட்டுது பாரு. மிஷினுக்கு என்ன, உன்மேல கோவமா?" என்று சிரித்தேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தவள், "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுடி" என்று அந்தப் பேச்சையே விட்டாள்.

சில நாளில் என் பிழையைக் கண்டேன். தாயங்களைத் தாயம் என்று அறிவிக்காமல் வெறும் எழுத்தாகக் கொடுத்திருக்கிறேன்! மென்பொருள் அவற்றைச் சாதாரண எண்களாக எடுத்து, முன்பின் பாராமல் பெருக்கியிருக்கிறது. அளவு குறிக்காத தாயங்கள் என்று அறிவித்து மறுபடி ஓட்டினேன். பூச்சியம் வரவில்லை... செல்வி சொன்ன நிபந்தனை இல்லாமல் தீராத மிச்சம்தான் திரையில் நின்றது.

விண்ணப்பம் அனுப்ப அப்போதும் நாள் இருந்தது. ஏன் சொல்லவில்லை? மறதியா? ஐயோ, இல்லை! அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு அது பொறுக்கவில்லை.

நிபந்தனையை நானே கண்டதுபோல் ஆய்வில் சேர்த்தேன். மனமுடைந்திருந்த செல்வி இறுதிப் பிரதியைத் திறந்தும் பார்க்கவில்லை. விரிவுரையாளர் என்னைப் பாராட்டினார். மேற்படிப்பு எனக்குக் கிடைத்தது.

இன்று நான் நன்றாக இருக்கிறேன். பிடித்த வேலை, பின்வளவில் மிளகுக்கொடி, நல்ல தூக்கம்... அதுதான் வெட்கம்! செல்வியும் புடவைக் கடை வைத்துக் குறையில்லாமல்தான் இருக்கிறாள். என்னைக் கண்டால் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

போன ஞாயிறு வந்திருந்தாள். அவள் மகள் உயர்தர வகுப்பில் கணிதம்தான் எடுப்பேன் என்று நிற்கிறாளாம்.

"வேணாம்னு சொல்லிட்டேன்டி. என் மூளைதானே அவளுக்கும்? நமக்கு ஏறாதுன்னு நீதான் அன்னைக்கே காட்டிக் குடுத்தியே!" என்று சிரித்தாள்.

வாயைத் திறந்தேன்...

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.