மதாம் எலெனின் காதலன்

போன சனிக்கிழமை இங்கே சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு கலியாண வீடு. மண்டப வாசலில் பழைய சிநேகிதி ஒருத்தியின் மகளைக் கண்டேன். ஐந்தாறு வருடமாகக் காணாத பிள்ளை. யோசிக்க முதல் வாய் முந்திவிட்டது. "என்ன பிள்ளை, நல்லா மெலிஞ்சு போனாய்!"

அவள் சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினாள்.

"அம்மா, ஆக்களின்ர உடம்பைப் பற்றி ஒண்டும் சொல்லக் கூடாது. எத்தினை தரம் சொன்னனான்? மெலிஞ்சாலும் சொல்லக் கூடாது, கொழுத்தாலும் சொல்லக் கூடாது."

"அப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"பொன்ஜூர் எண்டு சொல்லுங்கோ. காணும்."

நான் சீட் பெல்ட்டை இழுத்துக் கொழுவினேன். வென்றுவிட்டதாக நினைத்து அவள் பாட்டைப் போட்டாள். உண்மையில் எங்களுக்கு அது குறை சொல்லும் பேச்சே இல்லை. போன முறை நீ எப்படி இருந்தாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லும் ஒரு விதம், அவ்வளவுதான். ஆனால் இதே வசனத்தை நான் ஒருமுறை பிரெஞ்சில் சொல்லி, ஒரு மனுசியின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தவள். மகளுக்கு இது தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

உடுப்புத் தொழிற்சாலை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த வேலை ஒபெராக் கம்பனி ஒன்றின் தையற்கூடத்தில். வசனத்துக்குப் பதிலாக முழுவதும் பாட்டாகவே நடிக்கிற நாடகம் அது. பாடகர்களுக்கு உடுப்பு அளவு பார்ப்பது, பிரிப்பது, தைப்பது, மேடை நாட்களில் மாட்டிவிடுவது எல்லாம் எங்கள் வேலை. பதினோரு வருடம் இருந்தேன். இன்றைக்கும் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டை ஹீட்டருக்குப் பக்கத்தில் போட்டால், அந்த ஆவி வாசத்தில் எனக்கு அந்த அறை ஞாபகத்துக்கு வந்துவிடும். பெரிய மேசை, சுவரில் பாடகர்களின் அளவு அட்டைகள், மேடை ஒத்திகையைக் கேட்பதற்கு மூலையில் ஒரு ஸ்பீக்கர், அதற்குக் கீழே அயன் பண்ணிக்கொண்டு நிற்கும் மன்னார் சூசையண்ணை.

அண்ணை ஸ்பீக்கரோடு கதைப்பார். "கத்திக்குத்து வாங்கிக் கால் மணித்தியாலமாச்சு, இன்னும் பாடுறான். எங்கட ஊரெண்டால் இதுக்குள்ள சவப்பெட்டிக்குச் சொல்லியிருப்பம், தங்கச்சி."

ஒபெரா உலகத்துச் செய்தி எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும். பேப்பர்காரருக்குத் தெரிய முதல் அளவு நாடாவுக்குத் தெரியும். யாருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது, யார் புருசனோடு கோபித்து ஐஸ்கிரீமோடு குடித்தனம் நடத்துகிறார் என்பதெல்லாம் அரை அங்குலத்தில் பிடிபட்டுவிடும். ஒரு கதாநாயகனுடைய சப்பாத்துக்குள்ளே ஒளித்து வைக்கும் குதிக்கட்டை வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே போனது. கதாநாயகி அவரைவிட உயரம் என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அண்ணன் தம்பியாகப் பாடும் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கட்டிப்பிடிக்கும் கட்டத்துக்கு முன்னால் ஒருவர் பச்சை உள்ளிப் பூண்டு தின்றுவிட்டுப் போவார். இதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். மதியத்துக்குப் பின் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் வாய் அப்படி.

அந்தக் கூட்டத்தில் மதாம் எலென் வேறு மாதிரி. பெரிய குரல், பெரிய உடம்பு. என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பது அவர் ஒருவர்தான். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சுதான். ஆனால் என் ஞாபகத்தில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒரு செப்டெம்பர் மாதம், அளவு பார்க்கும் முதல் நாள். கூடம் நிறைய ஆட்கள். கோரஸ் பாடுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நிர்வாகத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி மூலையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வசந்த காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதாம் எலெனைக் காண்கிறேன். கண்ட சந்தோசத்தில், வகுப்பில் படித்த பிரெஞ்சு அவ்வளவையும் திரட்டி உரத்துச் சொன்னேன்:

"மதாம்! நல்லா மெலிஞ்சு போனியள்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நிர்வாகப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மதாம் எலெனின் முகத்தில் ஏதோ ஒன்று ஒரு கணம் அணைந்தது. உடனே அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"காதல், பிள்ளை. அம்பத்திரண்டு வயசில வந்தால் சாப்பாடு இறங்குமே?"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நிர்வாகப் பெண்ணும் சிரித்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

அளவு பார்க்கும் திரைச்சீலைக்கு உள்ளே நாங்கள் மூன்று பேர். மதாம் எலென், நான், தையற்கூடத்துக்குப் பொறுப்பான மனுசி ஜினெட். ஜினெட் நாடாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்பவும் நாடாவைப் பார்த்தார். நான்கு அங்குலம் குறைவு. தோளெலும்பு உடுப்புக் கொழுவி மாதிரித் தெரிந்தது.

மதாம் எலென் குரலைத் தணித்துச் சொன்னார். "வருத்தம்தான். மருந்தில மாறுற வருத்தம் இல்லை. அஞ்சு தரம் மேடையேறினால் எனக்குக் காணும். இந்த ராணி வேசத்தை இருவது வருசமாக் கேட்டனான். இப்பதான் தந்தவை. தெரிஞ்சுதெண்டால் நாளைக்கே வேற ஆளைப் போட்டிடுவினம்."

நான் நாடாவைக் கீழே வைத்தேன். "என்ர வாயால வந்தது, மதாம். இனித் திறக்கமாட்டன்."

"மூடிப் போடாதை," என்றார். "திறந்தே வைச்சிரு. நான் காதலெண்டு சொல்லிப் போட்டன். மிச்சத்தை நீ பார்."

ஜினெட் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே, "உள்ளுக்குப் பஞ்சு வைச்சுத் தைக்கலாம்," என்றார். 

வெளியே வந்ததும் சூசையண்ணை பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, ஆள் ஆராம்?"

"பேந்து சொல்லுறன், அண்ணை."

பிறகு சொல்வதற்கு என்னிடம் ஆள் இல்லையே. அடுத்த கிழமை ஒரு கோரஸ் பெண் வந்து சொன்னாள், மதாம் எலெனைக் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் ஸ்டொப்பில் கண்டாளாம். அதுவும் இரண்டு முறை. அவர் ஏன் அங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். வாய் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"ஓம், அவவின்ர ஆள் அங்க டொக்டரெல்லே. இவ சாப்பாடு கொண்டுபோறவ."

பின்னேரம் உடுப்புகளோடு ஒத்திகை மண்டபத்துக்குப் போனபோது, பியானோக்காரர் என்னை மறித்து, என்ன டொக்டர் என்று கேட்டார். "எலும்பு," என்றேன். குதி உயர்ந்த கதாநாயகனுக்குக்கூடப் பொறாமை வந்துவிட்டது. எலும்பு பார்க்கிற ஆளுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த முறை இடுப்பை இறுக்கும் கச்சையைக் கட்டிவிடும்போது மதாம் எலெனிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"பேர் என்ன அவருக்கு?"

"இன்னும் வைக்கேல்ல, மதாம்."

அவர் சிரித்த சிரிப்பில் மேசையைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. "அர்மான். என்ர பாட்டு ரீச்சரின்ர பூனைக்கு அந்தப் பேர்."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அர்மானைப் பற்றி ஒரு செய்தி தருவார். அர்மானுக்கு நடனம் வராது. அர்மான் சூப்பை அடிப்பிடிக்க விடுகிறார். மெட்ரோவில் எந்தப் பக்கத்து ரயில் என்று தெரியாமல் அர்மான் முக்கால் மணித்தியாலம் நிலத்துக்குக் கீழே திரிந்தார். நான் கொண்டுபோய்ப் பரப்புவேன். ஆட்கள் சிரிப்பார்கள். சூசையண்ணை இரவுச் செபத்தில் அர்மானையும் சேர்த்துக்கொண்டார். உள்ளே நானும் ஜினெட்டும் வெல்வெட்டுக்குள் பஞ்சு அடுக்கிக்கொண்டே போனோம். முதல் மேடைக்கு இரண்டு அடுக்கு. மூன்றாவது மேடைக்கு நாலு. அந்த உடுப்புக்குள் அவர் குளிரில் நிற்கும் குருவி மாதிரி இருந்தார். குரல் மட்டும் குறையவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நாலாவது மேடைக்குக் கச்சைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இண்டைக்கு அர்மான் நல்லாப் பயந்து போனார்."

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"இதை வெளியில சொல்லாதை."

"சொல்லமாட்டன், மதாம்."

என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட முதல் செய்தி அது.

கடைசி மேடை ஒரு ஞாயிறு பகல். மாட்டிவிட்டு முடிந்ததும் அவர் சொன்னார், "அர்மான் இண்டைக்கு வாறார் எண்டு சொல்லிவிடு." சொன்னேன். இடைவேளைக்குள் கோரஸ் முழுவதும் திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்து, ஆறாவது வரிசையில் தனியாக இருந்த ஒரு நரைத்த மனுசனை அர்மான் என்று முடிவு கட்டிவிட்டது. எனக்கு அந்த ஆள் யாரென்றே தெரியாது. முடிவில் எல்லோரும் வணங்கும்போது கோரஸ்காரர் அத்தனை பேரும் அந்த ஆளையே பார்க்கிறார்கள். மதாம் எலெனும் அதைக் கண்டுகொண்டார். முன்னுக்கு இரண்டு அடி வைத்து, அந்த மனுசனைப் பார்த்துக் கையில் முத்தம் வைத்து ஊதிவிட்டார். அந்தப் பாவம் யாருக்கு இது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஜினெட் என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததாகத்தான் ஞாபகம்.

அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. அர்மானோடு போய்விட்டார், எங்கோ ஏரிக்கரையில் வீடு என்றார்கள். நான் மறுக்கவில்லை. பனி கரையத் தொடங்கிய நேரம் அவருடைய சாவுச் செய்தி வந்தது.

அடக்கப் பூசைக்குக் கோயிலில் எங்கள் கம்பனி ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பூசை முடிந்ததும் வாசலில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அர்மான் எங்கே? எந்த ஆள்? கைகொடுக்க வேண்டும் என்றார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜினெட் என்னைப் பார்த்தார். சூசையண்ணை அழுத கண்ணோடு நின்றார்.

"அவரால வரேலாமல் போச்சு," என்றேன். "வீட்டில இருக்கிறார்."

யாரும் குறை சொல்லவில்லை. பியானோக்காரர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். எல்லோருமாக எழுதிய அட்டை. "நீங்கள் அவரைக் காண்பீங்கள்தானே. குடுத்துவிடுங்கோ."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பல நாள் திறக்காமல் வைத்திருந்தேன், எனக்கு எழுதியதில்லை என்று. பிறகு திறந்தேன். முழுவதும் கையெழுத்து. நடுவில் யாரோ எழுதியிருந்தார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது: 'ஐயா, அவருடைய கடைசி வருடத்தில் அவர் தனியாக இருக்கவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி.'

அந்தத் தையற்கூடம் இப்போது அடுக்குமாடி வீடு. அளவு அட்டைகளை யார் எறிந்தார்களோ தெரியாது. பியானோக்காரர் போய்விட்டார். சூசையண்ணை மகனோடு டொரொன்டோவுக்குப் போய் அங்கே கண்ணை மூடினார், கடைசிவரை அர்மானுக்குச் செபித்துக்கொண்டு. ஜினெட் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துத் துணியின் தரம் பார்க்கிற மாதிரித் தடவினார், பெயர் வரவில்லை. மெதுவாக அர்மான் என்று சொல்லிப் பார்த்தேன். ஆர் அது என்று மரியாதையாகக் கேட்டார்.

இந்த ஊரில் இப்போது அர்மானைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.