சுக்ர தசையை வெட்டலாமா?

போன மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாணம். பால் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. கிளறியவருக்கு மட்டும் தெரியவில்லை!

கிளறியவர் எங்கள் தெரு அனந்து அண்ணா. இங்கே தமிழ்க் கல்யாணம் என்றால் சமையல் அவர்தான். நைவேத்யம் ஆகாமல் எதையும் நாக்கில் வைக்க மாட்டார். உப்பு, புளி, பதம், பக்குவம் எல்லாம் வாசனையிலேயே! அந்த மூக்குதான் கொஞ்ச காலமாக அடைத்துக் கிடந்திருக்கிறது. மனுஷர் யாரிடமும் மூச்சு விடவில்லை... விடவும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச்சு கிளம்பியது. அண்ணா ஆடிப்போய் டாக்டரிடம் ஓடினார்.

"என்ன சொன்னார்?" என்றாள் அவர் மனைவி, பார்வதி மன்னி.

"தசையாம்."

மூக்குக்குள் வளரும் சதைக்கு மலையாளத்தில் தசை என்றுதான் பெயர். ஆனால் ஜாதகம் பார்க்கிற வீட்டில் தசை என்றால் அதுவா அர்த்தம்? மன்னி ஜோசியரிடம் போய் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"ஏன்னா, உங்களுக்கு சுக்ர தசையாக்கும்! இனிமே யோகம்தான்!"

"டாக்டர் வெட்டி எடுக்கணும்கறாரே..."

"வெட்டறதாவது! அவனவன் சுக்ர தசை வராதான்னு தவம் கெடக்கறான். வந்ததை யாராவது வெட்டுவாளா?"

அண்ணாவுக்கு டாக்டர் கத்தி என்றாலே நடுக்கம். நைசாக சுக்ரன் பக்கம் சாய்ந்துவிட்டார். முகூர்த்தமோ நெருங்குகிறது! நான் சும்மா இருப்பேனா? இரண்டு பேரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எந்த தசைன்னு சரியாப் பார்த்தேளா டாக்டர்?" — மன்னி விடவில்லை.

"பின்னே! பார்க்காமல் சொல்லுவேனா?" நெற்றியில் வட்டக் கண்ணாடியோடு டாக்டர் உற்சாகமாகிவிட்டார். "தசை பல ஜாதி உண்டு அம்மா. ஒண்ணு, கன்னத்து எலும்புக்குள்ளே முளைச்சு, ஒத்தையா பின்னாடி தொண்டைவரை எட்டிப் பார்க்கும். இன்னொண்ணு மரு மாதிரி, ஒரு பக்கம் மட்டும். அதுமேல எப்பவும் ஒரு கண்ணு வேணும். எலும்பாவே வளர்றதும் உண்டு. இவருக்கு ரெண்டு பக்கமும், வெளிறி, திராட்சைக் கொத்து மாதிரி..."

"நல்ல தசைதானே?"

"பரம சாது! ஆளைக் கொல்ற கூட்டமே இல்லை. ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம்."

"பின்னே ஏன் வெட்டணும்?"

"சாதுவானாலும் வாசல்ல உட்கார்ந்துட்டா காத்து எப்படிப் போகும்? ஆனா ஒண்ணு, எடுத்தாலும் சில பேருக்குத் திரும்பி வரும்."

மன்னி நிமிர்ந்தாள். "சுக்ர தசை திரும்பி வரணும்னா நூத்திருபது வருஷம் ஆகுமே!"

"சுக்ரனா? மூக்கிலா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் நெற்றிக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. மன்னியும் சிரித்துவிட்டாள். அப்புறம் அண்ணாவுக்கு வேறு வழி?

மருந்து போட்டு மரத்துப்போகச் செய்து, மெல்லிய கம்பிச் சுருக்கால் பிடித்து இழுத்தார்கள். பீங்கான் கிண்ணத்தில் தோல் உரித்த திராட்சைகள்! மன்னி எட்டிப் பார்த்து, "இதுவா சுக்ரன்?" என்றாள்.

வீக்கம் வடிந்தபின் ஒரு நாள் அண்ணாவோடு பஜாரில் நடந்தேன். சுக்குக் கிடங்கு தாண்டினோம். ஒன்றும் சொல்லவில்லை. மிளகுக் கிடங்கு... ஊஹூம். எனக்கே பயம் வந்துவிட்டது. கால்வாய் ஓரம் வந்ததும் டக்கென்று நின்றார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"ஆஹா... என்ன நாத்தம்டா!"

கட்டிக்கொண்டுவிட்டார் என்னை. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நேற்று முகூர்த்தம். உருளிக்குப் பக்கத்தில் அண்ணா. "தீயைக் குறை!" என்று சரியான நேரத்தில் ஒரு அதட்டல். பாயசம் அமிர்தம்!

"ஜோசியர் சொன்ன யோகம் பலிச்சுதா, இல்லையா?" என்று மன்னி என்னிடம் கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறையப் பாயசம்!