மறுவீட்டுச் சொதியும் ஒரு லத்தீன் சொல்லும்

கன்விவியல் என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதலில் கேட்டது கல்லூரி வகுப்பில். பாடத்தில் யாரோ ஒரு துரையை அப்படி வர்ணித்திருந்தது. நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுகிறவன் என்று பொருள் சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு அவ்வளவு லேசில் மனசு ஆறாது.

என் பெஞ்சுக்காரன் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். அவன் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். வீட்டில் லத்தீன் அகராதி இருந்தது. அந்தச் சொல்லின் லத்தீன் வேரை அதில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் மூச்சிரைக்க வந்தான்.

“இங்கன பாரும்வே. ‘கான்’னா கூட. ‘வீவெரே’ன்னா வாழுறது. ரெண்டையும் சேர்த்து எதுக்குப் பேரு வச்சிருக்காங்க தெரியுமா? விருந்துக்கு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. சேர்ந்து உண்பதையே சேர்ந்து வாழ்வதென்று சொன்ன ஜனங்கள்! கூடவே சுருக்கென்றும் இருந்தது. இரண்டு வருடமாக எங்களுக்கு ஒரே புத்தகம், தாமிரபரணியில் ஒன்றாகக் குளியல். மத்தியான மணி அடித்தால் மட்டும் நான் சைவப் பிள்ளைகள் சாப்பிடும் அறைக்கு, அவன் வேப்பமரத்தடிக்கு. ஒரு பருக்கை சேர்ந்து தின்றதில்லை.

“அடுத்த வாரம் அக்கா கல்யாணம். மறுநாள் மறுவீட்டு விருந்து. சொதிச் சாப்பாடு. நீரு வாரீரு,” என்றேன்.

“உங்க வீட்டுலயா? யோசிச்சுத்தான் பேசுதீரா?”

யோசிப்பதா, நானா? நேரே அப்பாவிடம் போய்க் கேட்டேன். தாராளமாக வரட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விருந்தன்று உள்கூடத்தில் பந்தி உட்கார்ந்தது. தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி எல்லாம் இலைக்கு வந்தாயிற்று, அவனைக் காணோம். பரிமாறிய மாமாவிடம் கேட்டேன்.

“ஒன் சேக்காளியா? முன்கூடத்துல தனி இலை. ஒங்கப்பாவே பரிமாறுதாரு. ராஜா மாதிரி இருக்கான்.”

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழைக்கத் தெரிந்தவனுக்கு இலை எங்கே விழும் என்று கேட்கத் தெரியவில்லை. அப்பா மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவன் வந்தது தனியாகத் தின்னவா?

பந்தித் தலைமாட்டில் இருக்கும் பெரியவர் எழுவதற்கு முன் எங்களில் எவனும் எழக்கூடாது. எழுந்தால் மொத்தப் பந்திக்கும் அவமானம். அன்று தலைமாட்டில் பெரியப்பா, எதிரே மாப்பிள்ளை வீட்டார். நான் எழுந்தேன், இலையோடு.

“ஏலே, என்ன செய்யுத?” என்றார் பெரியப்பா.

“சாப்பிடப் போறேன் பெரியப்பா.”

சொதி முழங்கை வரை வழிந்தது. முன்கூடத்தில் அவன் சோற்றில் கை வைக்காமல் இருந்தான். எதிரில் உட்கார்ந்தேன்.

“வெனைய இழுக்காதேயும். உள்ள போயிரும்வே,” என்றான்.

“மொதல்ல கை வையும்.”

தின்றோம். அவன் கண் கலங்கியது. இஞ்சி காரம் என்றான். அப்படியொரு ருசி எந்த விருந்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

பந்தியில் உட்காரத் தெரியாதவனுக்குப் பந்தி எதற்கு என்று அப்பா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன்பின் எனக்கும் முன்கூடத்தில்தான் இலை. அம்மா அந்தத் தீர்ப்பை ஒருநாளும் மீறவில்லை. என் பெஞ்சுக்காரன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், யாரையும் கேட்காமல், அங்கே இரண்டு இலை போட்டாள்.