அக்கா வீட்டுக்குப் போக வேண்டிய கார்

மார்கழிதான் உங்களைக் காப்பாற்றியது என்று என்னிடம் சொல்லாத ஆள் அந்த வருஷம் தாராவியில் இல்லை. குழாயடியில் சொன்னார்கள், மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது சொன்னார்கள், முலுண்டிலிருந்து ரயிலேறி வந்து ஒரு தூரத்து உறவுக்காரி சொல்லிவிட்டுப் போனாள். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். மார்கழி எங்களை ஒன்றும் காப்பாற்றவில்லை. அதற்கு முன்னாலேயே நாங்கள் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள். போகாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

என் அக்கா கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தானுக்கு அங்கே பலசரக்குக் கடை. எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தாய்வீடு என்று அவளுக்கு மிஞ்சியது நான் ஒருத்திதான். நானோ கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து எட்டு வருஷமாகியிருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம், ஆவணி மாதம், அவளிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை.

"ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ, நீ வந்து என் கையில வளையல் போட்டுட்டுப் போடீ," என்று எழுதியிருந்தாள். "தாய்வீட்டு வளையல் ஏறாத கை, அதான் பிள்ளை தங்கலன்னு எங்க மாமியா வாரவுக போறவுககிட்ட எல்லாம் சொல்லுதாவ. நாதியத்தவன்னு சொல்லுதாவ. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் பயப்படுகிற பிறவியே இல்லை. கிணற்றுக்குள் இறங்கி வாளி எடுத்தவள். அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்தார். அங்கே நாலு வருஷமாக மூலையில் கிடந்த பழைய கார் ஒன்றை, இடத்தை அடைக்கிறது என்று முதலாளி இவரிடமே தள்ளிவிட்டிருந்தார். இவர் அதை உருட்டிப் புரட்டி ஓட வைத்திருந்தார். நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"கார்லயே போவமா?" என்றார்.

"இலங்கைக்கா?"

"ஆமா. மண்டபம் வரைக்கும் ரோடு. அங்க காரை ரயில் வேகன்ல ஏத்தி தனுஷ்கோடிக்குக் கொண்டுபோவாங்களாம். அங்கேருந்து கப்பல். இறங்கினா தலைமன்னார். பொறவு ரோடுதானே."

ஏதோ மாஹிமுக்குப் போய் மீன் வாங்கி வருவது மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாளே எங்கிருந்தோ ஒரு மேப்பைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் சோறும் தூக்கமும் எல்லாம் மேப்புக்கு அடியில்தான்.

பூனா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தார். கண்டாலா மலையில் வண்டி சூடேறும், அங்கே நிறுத்தி அது ஆறுகிற வரை பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம் என்றார். சித்ரதுர்காவில் கோட்டை ரோட்டிலிருந்தே தெரியுமாம். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் கடல்தான், நீ கண்ணை மூடிக்கொள்வாய் என்று என்னைச் சீண்டினார். பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து கேரேஜையும் எங்கள் தெருவையும் தவிர எதையும் பார்க்காத மனுஷர் அவர். அந்த இரண்டு மாதம் அவர் பேசின பேச்சு, அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டோம். அம்மை ஊசி, காலரா ஊசி இரண்டும் போட்டு எனக்குக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. காருக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்றார்கள், அதற்கு அலைந்தார். "நமக்கு முந்தி காருக்குக் கிடைச்சிரும்ளா," என்றார். அப்படியேதான் ஆயிற்று. ஐப்பசி முடிகிற சமயத்தில் எங்களுக்கும் விசா வந்துவிட்டது. கார்த்திகை அக்காவுக்கு ஏழாம் மாசம். கார்த்திகை முதல் வாரம் கிளம்பினால் எல்லாம் சரியாக இருக்கும் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் காரைச் சந்து முனைவரை ஓட்டிக்கொண்டு வந்து காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு கதவு வேறு ஏதோ காரிலிருந்து கழற்றிப் போட்டது, மெரூன் கலர். மற்றதெல்லாம் சாம்பல் பிரைமர். முன் மட்கார்டு கறுப்பு. பின்பக்கம் துருவைச் சுரண்டிப் பட்டி வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி இருந்தது. பக்கத்து அறை நாசரேத்துக்காரி, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"இதுலயா போகப்போறோம்?" என்றேன்.

"ஏன், ஓடுதுல்லா?"

"ஓடும். இந்தக் கோலத்துல போயி நின்னா அக்கா மாமியா என்ன சொல்லுவாவ? பழைய இரும்பு எடுக்க ஆள் வந்திருக்குன்னு சொல்லுவாவ. இருக்கிற மரியாதையும் போயிரும். எட்டு வருஷம் கழிச்சு தாய்வீட்டுச் சீர் போகுது, இப்படியா போகணும்?"

"அவ உன்னைத்தானே வரச் சொன்னா. வண்டியையா கேட்டா?"

"ஆம்பளைக்கு இதெல்லாம் புரியாது. பெயிண்ட் அடிச்சாத்தான் நான் ஏறுவேன்."

வாய் என்றால் அப்படி ஒரு வாய் எனக்கு. அவர் காரைத் திருப்பிக் கேரேஜுக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

ஸ்ப்ரே அடிக்கிற மெஷின் கேரேஜில் ஒன்றே ஒன்றுதான். வாரநாளெல்லாம் அது வாடிக்கைக்காரர் வண்டிகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கேரேஜ் மூடியிருக்கும்போது உபயோகித்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆக, வாரத்துக்கு ஒரு பூச்சு. முதல் ஞாயிறு பட்டியைத் தேய்த்துப் பிரைமர். அடுத்த ஞாயிறு முதல் பச்சை. மூன்றாம் ஞாயிறு இரண்டாவது பச்சை. நாலாவது ஞாயிறு பாலிஷ். பிஸ்தா பச்சை வேண்டும் என்று கலரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு டாக்டர் அம்மாள் அந்தக் கலர் காரில் வந்து இறங்குவதைப் பார்த்திருந்தேன்.

அந்த வாரங்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாட்டுங்காவில் கண்ணாடி வளையல் வாங்கினேன், பச்சையும் சிவப்பும். உடையாமல் இருக்கப் பழைய சேலைத்துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி டப்பாவில் வைத்தேன். அக்காவுக்கு எழுதினேன்: "காருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். உன் மாமியார் வாயைப் பிளக்கப் போகிறாள் பார். கொஞ்சம் நாளாகும், ஒன்பதாம் மாசத்துக்குக் கண்டிப்பாக வந்துவிடுவோம்."

நாலாவது ஞாயிறு முடிந்தபோது கார்த்திகையும் முடிந்துவிட்டது.

"இப்பவும் போயிரலாம்," என்றார். "விசா இருக்கு."

"மார்கழியில யாராவது வளையல் போடுவாங்களா? அதுவும் எட்டாம் மாசத்துல? தை பிறக்கட்டும்."

அவர் மேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்றார்.

அந்த மார்கழியில்தான் புயல் வந்தது. நாசரேத்துக்காரி வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல் ரேடியோவில் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு இவர் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். தனுஷ்கோடி இல்லை என்றார். எனக்குப் புரியவில்லை. ஊர் எப்படி இல்லாமல் போகும்? ரயிலோடு ஆட்களைக் கடல் கொண்டுபோய்விட்டது, கப்பல் நிற்கிற பாலமும் போய்விட்டது என்று பேப்பர் வந்த பிறகுதான் விளங்கியது. நாசரேத்துக்காரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தப்பிச்சிட்டீங்க யக்கா. அந்த ரயில்ல நீங்க இருந்திருப்பீங்க," என்றாள். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். கார்த்திகை முதல் வாரம் கிளம்பியிருந்தால் இரண்டாம் வாரம் அக்கா வீட்டில் இருந்திருப்போம். புயலடித்த அன்று அவள் பக்கத்தில் அடுப்படியில் உட்கார்ந்து ஏதாவது வம்பளந்துகொண்டிருந்திருப்பேன். திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டிருப்போம். அதுவல்லவா நல்லது, அவள் பிரசவம் வரைக்கும் கூடவே இருந்திருப்பேனே.

காரில்லாமல் நாங்கள் மட்டுமாவது போக முடியுமா என்று இவர் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கப்பல் எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விமானமெல்லாம் எங்களுக்கு எட்டாத சமாச்சாரம்.

பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் தந்தி வந்தது. அத்தான் கொடுத்தது. குறைமாசத்திலேயே வலி கண்டு, அக்காவும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. நான் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. வளையல் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நான் இன்றைக்கு நம்பவில்லை. ஆனால் அவள் நம்பினாள். வெறும் கையோடு வலியெடுத்துக் கிடந்தபோது என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை அரித்துத் தின்கிறது.

இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சுவரிலிருந்து மேப்பைக் கிழியாமல் எடுத்து மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் காரைச் செம்பூரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

மாசி மாதம் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆமாம், அவளிடமிருந்துதான். என்னுடைய பெயிண்ட் கடிதத்துக்குப் பதிலாகப் புயலுக்கு முன்னால் எழுதிப் போட்டது. கப்பல் தபால் எங்கெங்கோ கிடந்து, உறை நனைந்து காய்ந்து, அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன்.

"பெயிண்டுக்கா நிக்கிய, கோட்டிக்காரி?" என்று எழுதியிருந்தாள். "கார் எங்க வீட்டுக்கு வராதுட்டி. ரோடு மலைக்குக் கீழேயே முடிஞ்சிரும். அங்கேருந்து ஒரு மைல் நடந்துதான் ஏறணும். இங்க ஒருத்தரும் உன் காரைப் பாக்கப்போறதில்ல. எந்தக் கலரா இருந்தாலும் ஏறிச் சீக்கிரம் வா."

உள்ளேயிருந்து இவர், "அக்கா எழுத்தா? என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். கையில் சோற்றுத்தட்டு இருந்தது. நகக்கண்ணில் பச்சை இன்னும் முழுசாகப் போகவில்லை.

"பச்சைக் கலர்னதும் ரொம்ப சந்தோஷமாம்," என்றேன்.